ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ்டர்

எழுமலையில் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததும் நான் முதலில் பார்த்தது இளநீர்க் கூடுகளைத்தான். வேப்பமரத்தடியில், வெட்டிக் குடித்துவிட்டுப் போட்ட கூடுகள் குவிந்து கிடந்தன. சிலவற்றில் இன்னும் பச்சை மாறவில்லை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்த செல்வராசுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் மனிதர் உயிரோடு இருந்தார். இளநீர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, குடித்தால் இதயமே நின்றுபோகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் மனைவி எஸ்தரும் நின்றாள்.

"அவருக்குத்தான் சுகமாயிருச்சே பாஸ்டரம்மா. ஆசை ஆசையாக் குடிக்கிறாரு" என்றாள் எஸ்தர் இப்போது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

டயாலிசிஸை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் தங்கராஜ், மதுரைக் காளவாசல் பக்கம் பெந்தெகொஸ்தே சபை நடத்தும் பாஸ்டர். செல்வராசை எப்படியாவது மதுரை ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அழைத்துப் போய்விட வேண்டும் என்றுதான் என்னையும் கூட்டிக்கொண்டு அன்று காலை பஸ் ஏறியிருந்தார்.

செல்வராசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. முகம் ஊதி, கால் இரண்டும் வீங்கி, வேட்டிக்கு வெளியே தெரிந்த பாதம் மினுமினுவென்று இருந்தது. அப்படியும் எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கண்ணே, வாங்க மதினி. அம்புட்டுத் தூரத்துலருந்து வெயில்ல வந்திருக்கீக" என்றார். நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

அன்று அந்த வீட்டில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் படித்த படிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இது விளங்காது.

தகரக் கூரைக்குக் கீழே

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் மாடிச் சபையைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் வீட்டு மொட்டைமாடியில் தகரம் போட்டு நடத்திய சபை. கீழே அவர்கள் வீட்டில் அவர்கள் பாஷை ஓடும். மேலே எங்கள் பாட்டும் கைத்தட்டலும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் கீழ்வீட்டுக்காரர் சத்தத்தைக் குறையுங்கள் என்று சொன்னதில்லை.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அப்போது அப்படி ஒரு தொண்டை. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க மாட்டார். வேதத்தைத் திறப்பார், கண்ணை மூடுவார், ஆரம்பித்துவிடுவார். எங்கே நிறுத்துவார் என்று அவருக்கே தெரியாது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மேலே வந்த பெண்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

நடுவில் திடீரென்று குரல் மாறும். "கர்த்தர் சொல்றாரு" என்பார். அதற்கப்புறம் வருவது பிரசங்கம் இல்லை, வார்த்தை. யாராவது ஒருவருக்கு, அவர் வீட்டுக் கஷ்டத்துக்கு, ஆண்டவர் நேரடியாகச் சொல்லும் பதில். எங்கள் சபைகளில் ஜனங்கள் வருவதே அந்த வார்த்தைக்காகத்தான். இதை மறைத்துப் பேசி என்ன பிரயோஜனம்?

எஸ்தரும் அப்படி வந்தவள்தான். அப்போது அவள் பேச்சியம்மாள். செல்வராசு லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். செக்கானூரணி தாண்டி வேன் கவிழ்ந்து, தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இவளை எங்களிடம் கூட்டிவந்தாள். என் வீட்டுக்காரர் இவள் தலையில் கை வைத்து, "கர்த்தர் சொல்றாரு, ஒன் புருஷன் எந்திரிச்சு நடப்பான்" என்றார்.

நடந்தார். பேச்சியம்மாள் ஞானஸ்நானம் எடுத்து எஸ்தர் ஆனாள். எங்கள் சபை வழக்கப்படி கழுத்தில் காதில் கிடந்ததைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலைக்கு மாறினாள். செல்வராசு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கீழேயே உட்கார்ந்திருப்பார். மேலே வரச் சொன்னால், "நான் இங்கிட்டே இருக்கேன் மதினி, சத்தம் நல்லாக் கேக்குது" என்பார்.

கவுன் போட்ட பாஸ்டர்

சபையில் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். என் வீட்டுக்காரர் அவளுக்கும் வார்த்தை சொன்னார். குழந்தை சுகமாகப் பிறக்கும் என்றார். மாதம் நிறைந்த சமயத்தில் வயிற்றிலேயே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழவில்லை. "அவரு சொன்னாரா பாஸ்டர், நீங்க சொன்னீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில், "நான் இறையியல் படிக்கப் போறேன்" என்றார். எம்.டிவ். என்று மூன்று வருடப் படிப்பு. தலையில் பாதி நரைத்த பிறகு, மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரிக்கு, டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்வந்தார்.

சபையில் யாருக்கும் பிடிக்கவில்லை. மூப்பர் ஜெபமணி அண்ணன் நேராகவே கேட்டார். "ஆவியானவர் சொல்லிக் குடுக்காததையா அந்த வாத்தியாரு சொல்லிக் குடுக்கப் போறாரு? பெரிய சர்ச்சு ஐயர்மாரு மாதிரி நீங்களும் தாளைப் பாத்து வாசிக்கப் போறீகளா?"

எனக்கும் பிடிக்கவில்லை. அடுப்படி மேசையில் உட்கார்ந்து எபிரேய எழுத்தை வலது பக்கத்திலிருந்து எழுதிப் பழகுவார். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டே பார்ப்பேன். "அது என்னங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒனக்கு எதுக்கு, ரசத்தைப் பாரு" என்பார். பார்த்தேன். வேறென்ன செய்ய?

பட்டமளிப்பு அன்று செல்வராசு வேனில்தான் சபையே போனது. என் வீட்டுக்காரர் கறுப்புக் கவுனும் தட்டைத் தொப்பியுமாக வியர்த்து வழிந்துகொண்டு மேடையேறினார். "பாஸ்டர் ஏன் வக்கீலாயிட்டாரு?" என்று எஸ்தர் என் காதில் கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

அதற்கப்புறம் சிரிக்க ஒன்றும் இல்லை. கர்த்தர் சொல்றாரு என்பது நின்றுபோனது. இந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது, எந்தக் காலத்தில், என்ன துன்பத்தில் என்று நிதானமாகப் பேசினார். நல்ல பேச்சுத்தான். ஆனால் ஜனங்கள் ஆமென் சொல்ல இடம் தேடிக் களைத்துப்போனார்கள். சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் என்னை நிறுத்தி, "என்னம்மா, சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? சத்தமே காணுமே" என்று அக்கறையோடு விசாரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

மேலே ஏறி வந்த ஒரே புது ஆள் செல்வராசுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, இப்பத்தாண்ணே நீங்க பேசுறது வெளங்குது. முந்தி சத்தந்தான் கேக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தைக் கவுன் போட்ட அன்றுகூட நான் பார்க்கவில்லை.

வராந்தாவில் இரண்டு பெண்கள்

செல்வராசுக்குச் சிறுநீரகம் கெட்டது அதற்கப்புறம்தான். சர்க்கரை ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை. வேனை விற்றாயிற்று. வாரம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கையில் குழாயோடு படுத்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு தடவையும் தவறாமல் ஸ்கூட்டரில் கூட்டிப் போய்க் கூடவே இருப்பார். எஸ்தருக்குத் துணையாக நானும் போவேன்.

உள்ளே இரண்டு பேரும் பேசுவார்கள். நல்லவனுக்கு ஏன் நோய் வருகிறது, ஜெபம் பண்ணியும் ஏன் சிலர் செத்துப்போகிறார்கள், மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைச்சலா என்று செல்வராசு ஒவ்வொன்றாகக் கேட்பார். கல்லூரியில் கற்றது எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் அந்தக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் கொட்டினார். கதவு திறக்கும்போது செல்வராசின் சிரிப்புச் சத்தம் வெளியே வரும்.

வெளியே நானும் எஸ்தரும் பினாயில் வாடையில் உட்கார்ந்திருப்போம். மிளகாய் விலை பேசுவோம், அவள் கொழுந்தன் பண்ணும் அழிச்சாட்டியம் பேசுவோம். "உள்ள என்ன பாஸ்டரம்மா இம்புட்டுப் பேசுறாக?" என்று ஒரு நாள் கேட்டாள். "ஆம்பளைக பேச்சு" என்றேன்.

ஒரு நாள் வெளியே வந்த என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ்டர். வேன் கவுந்தப்பச் சொன்னீகளே, அது மாதிரி. ஒரே ஒரு வார்த்தை."

"நான் கூட இருக்கேம்மா. தெனமும் ஜெபம் பண்றேன். டாக்டர் சொல்றதைக் கேப்போம்."

"கர்த்தர் என்ன சொல்றாரு?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா" என்றார்.

உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மைக்காகத்தான் மூன்று வருடம் டிபன் டப்பா தூக்கினார். ஆனால் எஸ்தர் முகம் விழுந்ததைப் பார்த்தபோது, எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

மைக்கில் சொன்ன சாட்சி

வண்டியூர்ப் பக்கம் ஒரு திடலில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். எஸ்தர் எங்களிடம் சொல்லாமல் செல்வராசைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான் அதைப் போனில் வீடியோவாகத்தான் பார்த்தேன். சபைப் பெண்கள் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

வீடியோவில் பிரசங்கியார் கூட்டத்துக்குள் கை நீட்டி, சிறுநீரக வியாதிக்காரர் ஒருவரைக் கர்த்தர் இந்த நிமிஷமே தொடுகிறார் என்கிறார். எஸ்தர் செல்வராசை இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடுகிறாள். மைக்கை வாங்கி, "என் புருஷனுக்குக் கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு. இனிமே எங்களுக்கு மிஷினு வேண்டாம்" என்று சாட்சி சொல்கிறாள். கூட்டம் அல்லேலூயா போடுகிறது. செல்வராசு வெளிச்சத்தில் கண் கூச, அவளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுகம் கிடைத்தபின் சாட்சி சொல்வது ஒன்று. சுகம் கண்ணுக்குத் தெரியும் முன்பே, விசுவாசத்தினாலே பெற்றுக்கொண்டேன் என்று முன்கூட்டியே சொல்வது இன்னொன்று. அப்படிச் சபைக்கு முன்னால் சொல்லிவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதற்குமேல் ஒரு மாத்திரை போட்டாலும் சாட்சி பொய்யாகிவிடும், ஆண்டவரைப் பொய்யராக்கியதாகிவிடும் என்று நம்புவார்கள். எத்தனையோ தலைவலிக்கும் முட்டுவலிக்கும் இப்படிச் சொல்லி நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். டயாலிசிஸ் தலைவலி இல்லை.

அடுத்த வாரமே காளவாசல் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு, செல்வராசின் சொந்த ஊரான எழுமலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் போனை எடுக்கவில்லை.

அந்த அறையில்

இனி எழுமலை வீட்டுக்குத் திரும்புகிறேன்.

என் வீட்டுக்காரர் எஸ்தரிடம் பேசிப் பேசிப் பார்த்தார். மருந்தும் ஆண்டவர் தந்ததுதான் என்றார். வேதத்தில் அப்போஸ்தலரே தன் சீடருக்கு வயிற்று வலிக்கு மருந்து சொல்லியிருக்கிறார் என்றார். கிரேக்கத்தில் சுகம் என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள் என்றுகூட ஆரம்பித்தார். எஸ்தர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"பாஸ்டர், என் கொழுந்தன் அந்த வீடியோவ டீக்கடையில எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கான். 'ஒங்க சாமி பொழைக்க வைக்குதான்னு பாப்போம்'ங்குறான். இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனா? சாட்சி சொன்ன வாயி பாஸ்டர் இது."

என் வீட்டுக்காரர் செல்வராசு பக்கம் திரும்பினார். "தம்பி, நாம எம்புட்டுப் பேசியிருக்கோம். ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணே" என்றார் செல்வராசு. மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். "அவ சாமியக் கும்புட்டுத்தான் அன்னைக்கு என்னைய எழுப்புனா. மைக்கில அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொல்லிட்டா. அவ சாட்சி பொய்யாகக் கூடாதுண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனேன்.

"வார்த்தை சொல்லுங்க" என்றேன். "கர்த்தர் சொல்றாரு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுங்க. அதை மட்டுந்தான் அவ கேப்பா."

"அவரு சொல்லலையே."

"சொன்ன மாதிரி சொல்லுங்க. ஒரு உசுருங்க. முந்தி எத்தனை தடவை சொல்லியிருக்கீக!"

"அப்ப அது நெசம்னு நம்பித்தான சொன்னேன்" என்றார்.

ஆனால் உள்ளே போனார். அறைக்கு நடுவில் நின்று கண்ணை மூடி வலது கையை உயர்த்தினார். எத்தனையோ வருடம் நான் பார்த்த அதே கை. எஸ்தர் சட்டென்று முட்டி போட்டாள். செல்வராசுகூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கர்த்தர்..." என்றார். மறுபடி, "கர்த்தர் சொல்றாரு, மகளே, நீ..." என்றார். அது வார்த்தையாக வரவில்லை. தாளைப் பார்த்து வாசிப்பதுபோல வந்தது. "நீ... ஆஸ்பத்திரிக்கு..." என்று இழுத்து, நிறுத்தி, கையைக் கீழே போட்டார்.

எஸ்தர் முட்டியிலிருந்தபடியே கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"பாஸ்டர், இது நீங்க சொல்றீக" என்றாள். "எனக்குத் தெரியாதா?"

உசிலம்பட்டியில்

அந்த வாரம் முடிவதற்குள் செல்வராசு இறந்துபோனார். பங்காளிகள் தங்கள் வழக்கப்படி உடலை எடுத்தார்கள். அதில் எங்களுக்கு இடமில்லை. தெரு முனையில் நின்றோம். கொழுந்தன் எங்களைக் கடந்து போகும்போது ஏதாவது சொல்வான் என்று பயந்தேன். அவன் அண்ணன் கால்மாட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு குழந்தைபோல அழுதுகொண்டு போனான்.

வீட்டுக்குள் எஸ்தர் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் குனிந்து ஏதோ சொல்லப் போனார். அவள்தான் பேசினாள்.

"ஒங்க மேல வருத்தம் இல்ல பாஸ்டர். அந்த ஆளு சொன்னதை நம்புனேன். ஏன்னா, முந்தி நீங்களும் அப்படித்தான் சொல்வீக. அது தப்புன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சப்ப எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்."

நான்தான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காக சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறி ஏடு படிந்தது, குடிக்கவில்லை. எதிரே பூக்காரம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நான் படிக்கப் போயிருக்கக் கூடாதோ?"

எத்தனையோ நாள் சண்டையில் இந்தக் கேள்விக்கு அவர் கேட்காமலே நான் பதில் சொல்லியிருக்கிறேன். போயிருக்கக் கூடாது என்று கத்தியிருக்கிறேன். அன்று அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அது உண்மையும் இல்லை. வெறும் தொண்டையோடு இருந்த பழைய பாஸ்டராக இருந்திருந்தால், இன்னும் எத்தனை பேருக்கு மைக்கைக் கொடுத்திருப்பாரோ.

"படிச்சது தப்பில்லங்க" என்றேன். "செல்வராசுகிட்ட வாரா வாரம் மணிக்கணக்காப் பேசுனீக. வெளியில ஒருத்தி உக்காந்திருந்தாளே, அவகிட்ட ஒரு நாள் பேசியிருக்கீகளா?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல" என்றார்.

"எங்கிட்ட?"

மதுரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.